முதல் சாய்ஸ் கஜபதி

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் திருத்தணியில் இரண்டு இடங்களில் கூட்டம் தாங்காது. ஒன்று மலை. இன்னொன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருக்கும் சௌமியா ஜெராக்ஸ். மலைக்குப் போனவர்கள் மொட்டையோடு திரும்புவார்கள். ஜெராக்ஸ் கடைக்குப் போனவர்கள் ஒரு சதவீதத்தோடு திரும்புவார்கள்.

சதவீதம் சொல்பவர் கடைக்காரர் கஜபதி. மார்க் பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கணக்கில் எடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கூட்டுவார். இருநூறுக்கு எவ்வளவு என்று வரும். அதுதான் பொறியியலுக்கான கட்-ஆஃப். எட்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடக்கூடிய கணக்கு. ஆனால் கஜபதி கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டு, பிறகு கம்ப்யூட்டரில் ‘ஃபைனல் புதுசு 3’ என்ற கோப்பைத் திறப்பார். அதில் பல வருடங்களாக எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்கு, எத்தனை மார்க்கோடு கதவு மூடியது என்ற விவரம் எல்லாம் இருக்கும். கொஞ்ச நேரம் திரையைப் பார்ப்பார். எதிரே நிற்கிற அப்பன் மூச்சு விடமாட்டான்.

“கிண்டிக்கு அறுபது பர்சன்ட் சான்ஸ் கீது” என்பார்.

கிண்டி கிடைத்தால், கஜபதி அன்றைக்கே சொன்னாரே. கிடைக்காவிட்டால், நாற்பது பர்சன்ட் இடிக்கும் என்று அன்றைக்கே சொன்னாரே. இத்தனை வருடங்களில் அவர் கணிப்பு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

அவர் ஜோசியக்காரர் இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை. அவர் காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது. கால் மார்க்கில் பொறியியல் போனது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, அரக்கோணத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, மகள் பிறந்த வருடம் அவள் பெயரில் கடை திறந்தார். அந்தக் கால் மார்க் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் கால் மார்க், அரை மார்க்கையெல்லாம் அவர் தன் சொந்தக் கால் மார்க்கைப் போலவே தடவிப் பார்ப்பார்.

முதலில் எல்லோரும் கலந்தாய்வுக்குச் சென்னைக்கே நேரில் போய், பெரிய ஹாலில் உட்கார்ந்து, திரையில் இருக்கிற இடத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அப்போது கஜபதியின் வேலை சான்றிதழ் நகல் எடுப்பதும் தைரியம் சொல்வதும்தான். பிறகு கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்தது. இனி பிள்ளைகள் கல்லூரிகளை வரிசையாகப் பட்டியல் போட்டு அனுப்பிவிட வேண்டும்; கம்ப்யூட்டர் பார்த்து ஒன்றைக் கொடுக்கும். ஊரே கம்ப்யூட்டரைக் கண்டு பயந்த அந்த வருடம் கஜபதி ஊருக்கு வழிகாட்டியானார்.

அந்த முதல் வருடத்தில் வந்தவர்களில் ஒருவர் கே.ஜி.கண்டிகை தேசப்பன். இரண்டு ஏக்கர் கரும்பும் கொஞ்சம் வேர்க்கடலையும் வைத்திருந்த விவசாயி. மகன் தணிகைவேலைக் கூட்டிக்கொண்டு வந்து, “நீங்களே பாத்துப் போட்டுடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பையன் நல்ல மார்க். குரோம்பேட்டையில் இருக்கும் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான்.

கஜபதி அவனுக்கு ஒரு தத்துவம் சொன்னார். பிற்பாடு அது ஊரில் பிரபலமானது.

“ஆசப்படுறத மேல போடக்கூடாது தம்பி. கெடைக்கிறத மேல போடு. மொதல்ல ஒண்ணு உறுதியா மாட்டணும். அப்பால கீழ இருக்குறதெல்லாம் போனஸ்.”

திருவள்ளூர் சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி முதலில் ஏறியது. குரோம்பேட்டை பதினேழாவதாகப் போனது. முடிவு வந்தபோது தணிகைவேலுக்கு முதல் சாய்ஸே கிடைத்திருந்தது. தேசப்பன் இரண்டு சீப்பு வாழைப்பழமும் ஒரு சால்வையும் வாங்கிவந்து, கடை வாசலிலேயே கஜபதிக்குப் போர்த்திவிட்டார்.

அதன் பிறகு நிற்கவில்லை. கஜபதி பட்டியல் போட்ட பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முதல் சாய்ஸே கிடைத்தது. ஊர் ஊராக, சென்னையில்கூட, முதல் சாய்ஸ் கிடைக்காமல் ஏழாவதும் இருபதாவதுமாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள். திருத்தணியில் மட்டும் முதல் சாய்ஸ். கடைக்கு மேலே பிளக்ஸ் ஏறியது. ‘சௌமியா ஜெராக்ஸில் விருப்பப் பட்டியல் நிரப்பி முதல் சாய்ஸே பெற்ற மாணவச் செல்வங்கள்’ என்று தலைப்பு. கீழே வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் போட்டோக்கள். நடுவில் கஜபதி, கைகூப்பியபடி. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று வைத்திருந்தவர்கள்கூடத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு ‘முதல் சாய்ஸ் கஜபதி’ என்றே பெயராகிவிட்டது.

போன வருடம் அவர் மகள் சௌமியா பன்னிரண்டாம் வகுப்பு எழுதினாள்.

சௌமியா அதிகம் பேசமாட்டாள். எது கையில் கிடைத்தாலும் படிப்பாள். பொட்டலம் கட்டி வந்த காகிதம், மருந்துச் சீட்டு, பிறர் நகல் எடுக்கக் கொடுத்த பத்திரம் எதையும் விடமாட்டாள். கணக்கு டியூஷனுக்காக இரண்டு வருடம் மின்சார ரயிலில் அரக்கோணம் போய் வந்தாள். ஒருநாள் அங்கே மேல்கம்பி வேலைக்காக நின்ற ரயில் வண்டியின் கூரை மேடையில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் இன்ஜினியர் நின்றிருந்தாள். அவள் மின்சாரம் நின்றுவிட்டதை ஃபோனில் உறுதி செய்து, கீழே கையைக் காட்டியதும், மீசை வைத்த பத்து ஆண்கள் மேலே ஏறி அந்தக் கம்பியைத் தொட்டார்கள். அவள் சொல்லாமல் ஒருவரும் தொடவில்லை. வீட்டுக்கு வந்து சௌமியா தன் அம்மா சுதாவிடம் சொன்னாள், “நா எலக்ட்ரிக்கல் படிக்கிறேம்மா.”

“நைனாகிட்ட சொன்னியா?” என்று சுதா கேட்டாள். கடையில் லேமினேஷனும் பைண்டிங்கும் சுதாவின் பொறுப்பு.

“அவரு பர்சன்ட் சொல்லுவாரு” என்றாள் மகள்.

ரிசல்ட் வந்தது. சௌமியாவின் கட்-ஆஃப் நூற்றுத் தொண்ணூற்றாறரை. நல்ல மார்க்தான். மிக நல்ல மார்க் என்று சொல்ல இன்னும் கொஞ்சம் வேண்டும். கிண்டியின் எலக்ட்ரிக்கல் கதவு முந்தைய வருடம் எங்கே மூடியதோ, அதற்குச் சரியாக வாசற்படியில் நிற்கிற மார்க்.

கஜபதிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகச் சதவீதம் வரவில்லை.

திங்கட்கிழமை எழுபது என்றார். செவ்வாய்க்கிழமை, இந்த வருடம் கணக்குத் தாள் எளிது, நூற்றுக்கு நூறு அதிகம் என்று பேப்பரில் படித்துவிட்டு நாற்பதுக்கு இறங்கினார். புதன்கிழமை எல்லோரும் கம்ப்யூட்டர் படிப்புக்கே ஓடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஐம்பத்தைந்துக்கு ஏறினார். கடைக்கு வந்தவர்கள் தங்கள் பிள்ளைக்குக் கேட்டுவிட்டு, “ஒங்க பொண்ணுக்கு எவ்ளோங்க?” என்றால் பிரிண்டரில் காகிதம் சிக்கியது போலக் குனிந்துகொண்டார். கடைசியில், யாருக்கும் தெரியாமல், சான்ஸ் சொல்லும் ஒரு இணையதளத்தில் மகளின் மார்க்கைப் போட்டுப் பார்த்தார். அது அறுபத்து மூன்று புள்ளி ஏழு சதவீதம் என்றது.

“அந்த ஏழு எங்கேர்ந்து வந்துது?” என்று சுதாவிடம் பொருமினார். “எதன்னா அடிச்சிவுடுறதா? ஒரு கணக்கு வேணாம்?”

“நீ சொல்ற அறுபது எங்கேர்ந்து வருது?” என்றாள் சுதா, ஒரு ரேஷன் கார்டை லேமினேஷன் மிஷினுக்குள் விட்டபடி.

நகரியிலிருந்து அவருடைய அக்கா வீட்டுக்காரர் வந்தார். கஜபதிக்குப் பாவா. அவர் மகன் ஆந்திராவில் ஒரு கோச்சிங் ஹாஸ்டலில் இரண்டு வருடம் இருந்து, காலை ஐந்து மணிக்கு ஒரு டெஸ்ட், சாயந்திரம் ஐந்து மணிக்கு ஒரு டெஸ்ட் என்று எழுதி, நுழைவுத் தேர்வில் எழுபத்து மூவாயிரத்துச் சொச்சம் ரேங்க் வாங்கியிருந்தான். பாவா அதை ஐந்து இலக்கத்துக்குள் வந்த ரேங்க் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஒங்க ஊர்ல என்ட்ரன்ஸே கெடயாது, அப்புறம் இன்னா பயம்?” என்றார் பாவா. “பேசாம கம்ப்யூட்டர் போடு. எலக்ட்ரிக்கல்னு சொன்னா கல்யாணப் பத்திரிகைல போடவே நல்லா இருக்காது.”

சௌமியா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவளுடைய கலந்தாய்வுச் சுற்றுக்குப் பட்டியல் அனுப்ப மூன்று நாள் அவகாசம். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் பட்டியலைப் பூட்டிவிட வேண்டும். அந்த மூன்றாம் நாள் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாளாக அமைந்தது. தெரு முழுக்கக் காவடி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மேளச் சத்தத்தில் கடைக்குள் பேசுவது பாதிதான் கேட்கும். ஊருக்குள் வந்திருந்த லட்சம் ஃபோன்களில் சிக்னல் நிற்காது.

கஜபதி மகளுக்காக நூற்று நாற்பது கல்லூரிகள் கொண்ட பட்டியல் தயாரித்திருந்தார். முதல் இடத்தில் திருவள்ளூர் சாலைத் தனியார் கல்லூரி, கம்ப்யூட்டர் பிரிவு. அதற்குத் தொண்ணூற்றைந்து பர்சன்ட். கிண்டி எலக்ட்ரிக்கல் முப்பத்தோராவது இடத்தில் இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு, யாரோ கேட்ட மாணவர் வழிகாட்டிக் கையேட்டை சௌமியா பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். கஜபதி அதை எட்டு வருடங்களாக முன்பக்கம் பின்பக்கமாக அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். சௌமியா தன் பழக்கப்படி, மிஷினிலிருந்து வந்த பக்கங்களைச் சூட்டோடு படித்தாள். ஒரு பக்கத்தில் நின்றாள். திரும்பப் படித்தாள்.

“நைனா, இத்தப் படிச்சியா?”

“இன்னாது?”

“கம்ப்யூட்டரு மேலேர்ந்துதான் பாக்குமாம். மொதல் எடத்துல இருக்கிற காலேஜ்ல எடம் இருந்தா குடுத்துடும். அத்தோட நின்னுடும். கீழ இன்னா கீதுன்னு எட்டிக்கூடப் பாக்காது.”

“ஆங், அதான். அதுக்குத்தான் கெடைக்கிறத மேல போடுறோம்.”

“அதில்ல நைனா. மேல ஆசப்பட்டத போட்டு, அது கெடைக்கலன்னா, அடுத்தத பாக்கும். அதுவும் இல்லன்னா அதுக்கடுத்தது. கெடைக்கிறது கீழ அப்டியேதான் இருக்கும். எங்கியும் போவாது. ஆசப்பட்டத மேல போட்டா நஷ்டமே இல்ல. கெடைக்கிறத மேல போட்டாதான் நஷ்டம்.”

கஜபதி சிரித்தார். “இது புக்குல போடுறது. அனுபவம் வேற. எட்டு வருஷமா நா போட்ட லிஸ்ட்டுல ஒருத்தனுக்கு மொதல் சாய்ஸ் தப்பியிருக்குதா? சொல்லு.”

சௌமியா அவர் முகத்தையே பார்த்தாள். “எப்டி தப்பும் நைனா?” என்றாள்.

அப்படியும் அவருக்கு உடனே விளங்கவில்லை. அவள் கோபப்படவில்லை, குரல் உயர்த்தவில்லை. அவருடைய ‘ஃபைனல் புதுசு 3’ கோப்பைத் திறந்தாள். ஒரு பக்கம் அவர் பட்டியல் போட்டுக்கொடுத்த பிள்ளைகளின் பெயரும் மார்க்கும். மறுபக்கம் அந்தந்த வருடம் கல்லூரிகள் மூடிய மார்க். இரண்டும் ஒரே கோப்பில், பக்கத்துப் பக்கத்துத் தாளில் எட்டு வருடமாக இருந்தன. யாரும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததில்லை.

“கே.ஜி.கண்டிகை தணிகைவேலு. நூத்தித் தொண்ணூத்தி மூணரை. பதினேழாவதா குரோம்பேட்ட எலக்ட்ரானிக்ஸ் போட்டிருக்க. அந்த வருஷம் அவங்க கோட்டால அது நூத்தித் தொண்ணூத்திரெண்டரைல மூடியிருக்குது.”

கஜபதி கண்ணாடியை இறக்கித் திரையருகே குனிந்தார்.

“அத்த மேல போட்டிருந்தா கெடைச்சிருக்கும்.” அடுத்த வரிக்குப் போனாள். “மணவூர்ப் பொண்ணு ஒண்ணு…”

“போதும்” என்றார்.

மேலே பிளக்ஸில் கைகூப்பி நின்றவரும் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் ஒரே ஆள் என்று அப்போது பார்த்த யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியே ஒரு புஷ்பக் காவடி கடை வாசலில் நின்று ஆடிவிட்டுப் போனது. சுதா பைண்டிங் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

சௌமியா தன் பட்டியலை மாற்றினாள். நூற்று நாற்பது இருபத்திரண்டாகச் சுருங்கியது. மேலே கிண்டி எலக்ட்ரிக்கல். அப்புறம் எங்கெங்கே நல்ல எலக்ட்ரிக்கல் உண்டோ அவை, அவளுக்குப் பிடித்த வரிசையில். திருவள்ளூர் சாலைக் கல்லூரி கடைசிக்குப் போனது. பூட்டுவதற்கு ஒரு ஓடிபி வேண்டும். அது கஜபதியின் ஃபோனுக்குத்தான் வரும். சிக்னல் இல்லாமல் அது நாலரை மணி வரை வரவில்லை. அதுவரை அவர் ஃபோனைக் கையில் பிடித்தபடி, அவர் போட்ட வரிசையும் அவள் போட்ட வரிசையும் மாறி மாறி மனதில் ஓட உட்கார்ந்திருந்தார்.

ஓடிபி வந்தது. அவள் கை நீட்டினாள்.

“கிண்டி கெடைக்கலன்னா எங்க போய் விழுமோ தெர்லியே” என்றார்.

“எங்க விழுந்தாலும் நா போட்ட எடத்துலதான் விழும்” என்றாள் சௌமியா.

அவர் ஃபோனைக் கொடுத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கிண்டி அரை மார்க்கில் போயிற்று. கிடைத்தது நான்காவது சாய்ஸ்: கோயம்புத்தூரில் ஒரு அரசுக் கல்லூரி, எலக்ட்ரிக்கல். சௌமியா அன்று சாயந்திரம் அரைக் கிலோ மைசூர்பாகை ஒரே ஆளாகத் தின்றாள். ஊரில் செய்தி வேறு மாதிரி பரவியது. கஜபதி பொண்ணுக்கே முதல் சாய்ஸ் கிடைக்கவில்லை. நான்காவதுதானாம். கேட்டவர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். நகரி பாவா ஃபோனிலேயே, “எங்கயோ கைத்தப்பா போட்டுட்ட போல” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கஜபதி பஸ் ஏறிக் கே.ஜி.கண்டிகைக்குப் போனார். சுதா போக வேண்டாம் என்றாள். “எட்டு வருஷம் ஆச்சு. இப்போ போய் சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் கால் மார்க்கில் ஒன்று போனால் எப்படி இருக்கும் என்று அந்த ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தேசப்பன் வரப்பிலிருந்து ஓடிவந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி ஜெயம்மாள் மோர் கொண்டுவந்தாள். கஜபதி மோரைக் கையில் வைத்துக்கொண்டு, கையேட்டில் இருந்ததையும் தான் செய்ததையும் முதலிலிருந்து சொன்னார். தணிகைவேலுக்குக் குரோம்பேட்டை கிடைத்திருக்க வேண்டும், தன்னால்தான் போயிற்று என்றார்.

தேசப்பன் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “பெரிய மனுஷங்க இப்டித்தான் பணிவா பேசுவாங்க” என்றார்.

“பணிவு இல்லீங்க. தப்பு பண்ணிட்டேன்.”

“மொதல் சாய்ஸ் குடுத்தீங்க. அது தப்பாங்க? ஒரகடத்துல வேல. கம்பெனி பஸ்ஸு ரோட்டாண்டையே வந்து ஏத்திகினு போவுது. இன்னா கொற?”

அந்த வீட்டில் அவர் சொன்னதை ஒழுங்காகக் காதில் வாங்கியவள் ஜெயம்மாள்தான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இருங்க. அப்போ அவன் அந்தத் திருவள்ளூர் காலேஜுக்கே போயிருக்க மாட்டான்?”

“மாட்டான்மா.”

“அங்க போயிருக்கலன்னா, கூடப் படிச்ச அந்தப் பொண்ணப் பாத்திருக்க மாட்டான்?”

கஜபதி விழித்தார். உள்ளே சமையல்கட்டில் மருமகளின் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

“எங்க அண்ணன் பொண்ண கட்டிகினு இருப்பான்” என்றாள் ஜெயம்மாள், உள்ளே கேட்கட்டும் என்ற குரலில். “அப்போ இந்தக் கல்யாணமும் ஒங்க லிஸ்ட்டாலதான். நாலு வருஷமா நா கடவுள திட்டிகினு கெடக்குறேன்.”

தணிகைவேல் கொஞ்ச நேரத்தில் வந்தான்; அம்மா பேசியது வாசலிலேயே அவன் காதில் விழுந்திருந்தது. இருபத்தாறு வயதிருக்கும், வேலையின் களைப்பு முகத்திலேயே தங்கிவிட்டிருந்தது. கஜபதியை பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிடுவதாகச் சொல்லி வண்டியை எடுத்தான். பாதி வழியில், புளியமரத்தடியில் நிறுத்தினான்.

“எனக்குத் தெரியும் சார்.”

“எது?”

“குரோம்பேட்ட கெடைச்சிருக்கும்னு. செகண்ட் இயர்லயே தெரிஞ்சிடுச்சி. என்னவிட கம்மியா எடுத்தவன் ஒருத்தன் அங்க படிச்சிகினு இருந்தான். ரயில்ல பாத்தேன். மார்க்க கேட்டேன். சொன்னான்.”

“அப்பவே என்கிட்ட வந்து ஏன் கேக்கல? சட்டையப் புடிச்சி கேட்டிருக்கணும் இல்ல?”

தணிகைவேல் வண்டிக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எங்க நைனா ஒங்களுக்கு சால்வ போத்திட்டாரு. ஊர்ல எல்லார்கிட்டயும் போட்டோ காட்டினாரு. அவருக்கு அந்த ஒண்ணுதான் சார் பெருமை. அத்தப் போய் தப்புன்னு எப்டி சொல்றது?”

பையன் மறுபடி வண்டியைக் கிளப்பினான். இறங்கும்போது, “எங்கம்மா எதிர்ல மட்டும் இத்த நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் சார்” என்றான். சிரித்தானா என்று ஹெல்மெட்டுக்குள் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கஜபதி ஏணி போட்டு ஏறி பிளக்ஸை இறக்கினார். அடுத்த சுற்றுக்கு வந்தவர்களிடம் புதிய முறையில் போட ஆரம்பித்தார். எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள், அப்படியே கீழே இறங்கி வாருங்கள் என்றார். சதவீதம் கேட்டால், “தெரியாதுங்க” என்றார். உண்மையிலேயே நல்ல முறை அது. பிள்ளைகளுக்கு அவர்கள் கனவுகூடக் காணாத கல்லூரிகள் கிடைத்தன. ஒரு மேஸ்திரியின் மகனுக்குக் காரைக்குடியில் அரசு கல்லூரி கிடைத்தது. ஆனால் அது அவனுடைய ஒன்பதாவது சாய்ஸ்.

மேஸ்திரி கடைக்கு வந்து சண்டை போட்டார். “ஊருக்கெல்லாம் ஒண்ணாவது வாங்கிக் குடுத்த, எனக்கு மட்டும் ஒம்பதாவதா?”

கஜபதி அவருக்கு விளக்கினார். பழைய முறையில் போட்டிருந்தால் அந்த ஒன்பதுக்குக் கீழே இருந்ததுதான் முதலில் ஏறியிருக்கும், அதுவே கிடைத்திருக்கும் என்றார். மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்டியே போட்டிருக்கலாம் இல்ல, மொதலாவதுன்னு சொல்லிக்கவாவது ஆவும்” என்றார்.

கஜபதிக்குக் கை ராசி போய்விட்டது என்பது ஆவணி முடிவதற்குள் ஊருக்கு நிச்சயமாயிற்று. மகளை ஐந்நூறு கிலோமீட்டர் தூரம் அனுப்பிவிட்டு ஆள் மனசு உடைந்துபோனார், அதனால்தான் கணக்குப் பிசகுகிறது என்று காரணமும் சொன்னார்கள். சௌமியா அங்கே ஹாஸ்டலில் சாம்பார் சரியில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லாமல் இருந்தாள். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தவறினாள். அதை ஃபோனில் அவளே சொல்லி, அடுத்த முறை எழுதிவிடுவதாகவும் சொன்னாள். கஜபதி சரி என்று மட்டும் சொன்னார்.

எதிர் வரிசையில் ஃபோன் கவர் விற்றுக்கொண்டிருந்த சேட்டு, இந்த வருடம் ரிசல்ட்டுக்கு முன்பே இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு ஆன்லைன் சென்டர் ஆக்கிவிட்டான். வாசலில் போர்டு: ‘முதல் சாய்ஸ் உத்தரவாதம்’. முறை கஜபதியின் பழைய முறைதான். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. சேட்டு எழுபது பர்சன்ட் சொன்னான். கஜபதியைவிடப் பத்து அதிகம் என்று ஜனங்களுக்குத் திருப்தி.

கஜபதிக்கு ஆதார் நகலும் வில்லங்கச் சான்றும் மிஞ்சின. கடையில் வெகு நாளைக்குப் பிறகு மதியம் சாப்பிட நேரம் கிடைத்தது. சுதா எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே, “நாம்பளாவது இனாமா ஏமாத்தினோம். அவன் டோக்கன் வேற போட்டு ஏமாத்துறான்” என்றாள்.

சென்ற வாரம், ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு, சேட்டு கஜபதியின் கடைக்குள் வந்தான். முன் வாசல் வழியாக இல்லை. பக்கத்துச் சந்தின் வழியாக. பின்னால் அவன் மகள் ஷாலினி, பிளாஸ்டிக் கவரில் மார்க் பட்டியலோடு. சேட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தான்.

“அண்ணா, நம்ப பாப்பாவுக்கு நீங்கதான் லிஸ்ட் போட்டுத் தரணும்.”

கஜபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஒன் கடைல கம்ப்யூட்டர் இல்லியா?”

“கீதுங்க.”

“என்கிட்ட போட்டா மொதல் சாய்ஸ் கெடைக்காது. தெரியுமில்ல?”

“அது கஸ்டமருக்குண்ணா” என்றான் சேட்டு, தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு. “இது எங்க வீட்டுப் பொண்ணு.”

கஜபதிக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பாதி இறங்கிய ஷட்டரையும் நின்றுகொண்டிருந்த பெண்ணையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். கையேட்டில் ஒரு பிரதி எடுத்து ஷாலினியிடம் கொடுத்தார்.

“இன்னா படிக்கணும்மா ஒனக்கு?”

“கம்ப்யூட்டர்தாண்ணா” என்றான் சேட்டு.

“ஒன்ன கேக்கல.”

ஷாலினி அப்பாவைப் பார்த்தாள், பிறகு கஜபதியைப் பார்த்தாள். “எனக்கு எவ்ளோ சான்ஸ் கீதுன்னு எல்லாரும் சொன்னாங்க. இத்த யாரும் கேக்கல” என்றாள். கொஞ்ச நேரம் கையேட்டின் ஸ்பைரலை விரலால் நிரடினாள். “யோசிச்சி சாயந்திரம் சொல்லட்டுமா அங்கிள்?”

“ஆங், சொல்லு. வெள்ளிக்கிழம அஞ்சு மணி வரைக்கும் டைம் கீது” என்றார் கஜபதி.

சேட்டு எழுந்து, வந்த சந்து வழியாகவே திரும்பிப் போனான். அவன் கடையில் இருபத்து மூன்றாம் நம்பர் டோக்கன் காத்துக்கொண்டிருந்தது.